எலெக்ட்ரிக் கார் வாங்கியாச்சு, ஓட்டக் கற்றுக்கொண்டீர்களா?

எலெக்ட்ரிக் கார் வாங்கிய இரண்டாவது வாரம். சென்னையிலிருந்து திருச்சிக்குக் கிளம்பினேன். மதியம் 12 மணிக்கு ஒரு டீலரோடு மீட்டிங். உளுந்தூர்பேட்டை பக்கம் ஒரு ஹோட்டல் வாசலில் ஃபாஸ்ட் சார்ஜர் இருப்பதாக ஆப் காட்டியது. 11 சதவீத சார்ஜோடு போய் நின்றேன். சார்ஜரின் திரை இருட்டாக இருந்தது. "காலையிலேர்ந்தே ஓடலை சார். ஆள் வர்றாங்கன்னு சொன்னாங்க" என்றார் வாட்ச்மேன். அடுத்த சார்ஜர் 18 கிலோமீட்டர் தள்ளி. ஏ.சி.யை அணைத்துவிட்டு, லாரிகளெல்லாம் என்னைத் தாண்டிப்போக, 50 கிலோமீட்டர் வேகத்தில் உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மிச்சமிருந்தது 5 சதவீதம். மீட்டிங்குக்கு ஒன்றரை மணி நேரம் லேட். டீலர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்குக் கிடைத்தது வெறும் பத்து நிமிடம்.

பெட்ரோல் கார், திட்டமில்லாமல் கிளம்புகிறவரையும் காப்பாற்றிவிடும். எங்கே நின்றாலும் பத்து நிமிடத்தில் ஒரு பங்க் வரும். எலெக்ட்ரிக் கார் அப்படியில்லை. திட்டம் போட்டு ஓட்டுகிறவருக்கு அது காசும் நேரமும் மிச்சம் பிடித்துத் தரும். போடாதவரை நடுரோட்டில் நிறுத்தும். ரேஞ்ச் பயம் என்று எல்லோரும் சொல்வது பெரும்பாலும் பழக்கக் குறைவுதான். எக்ஸெல் கற்றுக்கொண்ட மாதிரி, பிரசன்டேஷன் கற்றுக்கொண்ட மாதிரி, இதையும் 30 நாளில் கற்றுக்கொள்ளலாம். வேலைக்காக ஊர் ஊராகப் போகிறவர்களும், தினமும் 50, 60 கிலோமீட்டர் ஆபீஸுக்கு ஓட்டுகிறவர்களும் மனதில் வைக்க வேண்டிய பத்துப் பாடங்கள் இதோ.

1. உங்கள் நம்பரைக் கண்டுபிடியுங்கள்

கார் விளம்பரத்தில் போட்டிருக்கும் ரேஞ்ச், சோதனைக்கூடத்தில் எடுத்தது. டேஷ்போர்டில் தெரியும் கிலோமீட்டர், நீங்கள் சமீபத்தில் ஓட்டியதை வைத்து கார் போடும் மனக்கணக்கு. நேற்று டவுனுக்குள் மெதுவாக ஓட்டியிருந்தால் இன்று அதிகமாகக் காட்டும்; ஹைவேயில் ஏறியதும் மளமளவென்று இறங்கும். இரண்டையும் நம்பி மீட்டிங்குக்கு நேரம் கொடுக்காதீர்கள்.

உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு நம்பர்: 1 சதவீத சார்ஜுக்கு உங்கள் கார் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது? 40 யூனிட் பேட்டரி என்றால் 1 சதவீதம் 0.4 யூனிட். டவுனுக்குள் யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் கிடைத்தால் ஒரு சதவீதத்துக்கு 2.8 கிலோமீட்டர். ஹைவேயில் 100 வேகத்தில் யூனிட்டுக்கு 5.5தான் கிடைக்கிறது என்றால் 2.2 கிலோமீட்டர். முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு பயணத்துக்கும் ட்ரிப் மீட்டரை ஸீரோ செய்து, கிளம்பும்போதும் சேரும்போதும் சதவீதத்தைப் போனில் குறித்துவையுங்கள். பதினைந்து பதிவுகள் சேர்ந்ததும், டவுனுக்கு ஒன்று, ஹைவேக்கு ஒன்று என இரண்டு நம்பர் கிடைத்துவிடும். அதன் பிறகு கிலோமீட்டரைப் பார்க்கத் தேவையில்லை, சதவீதத்தை மட்டும் பாருங்கள்.

2. வலது காலுக்குப் பயிற்சி கொடுங்கள்

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, காரின் வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. இதுதான் ரீஜென். நிறையக் கார்களில் இதன் அளவைக் கூட்டிக் குறைக்கலாம். டவுனுக்குள் அதிக லெவலில் வையுங்கள். தூரத்தில் சிவப்பு சிக்னல் தெரியும்போதே காலை மெல்லத் தளர்த்திப் பழகுங்கள். நெருங்கிவந்து பிரேக்கை அழுத்துகிறவர் வீணாக்கும் சார்ஜை நீங்கள் சேமிப்பீர்கள். ஹைவேயில் குறைந்த லெவல் போதும். அங்கே கார் தன் வேகத்திலேயே உருண்டுபோவதுதான் லாபம்.

இரண்டு எச்சரிக்கைகள். பேட்டரி நிரம்பியிருக்கும்போது ரீஜென் சரியாக வேலை செய்யாது; கார் வழக்கத்தைவிடக் கூடுதலாக முன்னால் ஓடும். அதனால் அவசரத்தில் கால் பிரேக்குக்குத்தான் போக வேண்டும். அடுத்தது, நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையும் கிடைக்கும் வண்டி இது. பேஸ்மென்ட் பார்க்கிங்கில் பெட்ரோல் காருக்குக் கொடுத்த அழுத்தத்தைக் கொடுத்தால் தூணில்தான் போய் நிற்கும். பார்க்கிங்கில் ஈகோ மோட் வையுங்கள், காலைப் பிரேக் மேலேயே வையுங்கள்.

பின் சீட்டில் பாஸோ கிளையன்ட்டோ உட்கார்ந்திருந்தால் ரீஜெனைக் குறையுங்கள். வெடுக்வெடுக்கென்று இழுத்து நிறுத்தி ஓட்டினால் அரை மணி நேரத்தில் அவர்களுக்குத் தலை சுற்றும். சத்தமும் அதிர்வும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும் கார், உங்களைப் பற்றி நல்ல அபிப்பிராயத்தை உண்டாக்கும். அதைக் குலுக்கிக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

3. வேகத்துக்கு விலை உண்டு, கணக்குப் பாருங்கள்

காற்றின் எதிர்ப்பு, வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். 80லிருந்து 100க்குப் போனால் வேகம் கூடுவது 25 சதவீதம். காற்றின் எதிர்ப்பு கூடுவது 56 சதவீதம். 100 கிலோமீட்டர் தூரத்தை 100 வேகத்தில் போனால் ஒரு மணி நேரம், 80 வேகத்தில் போனால் ஒன்றேகால் மணி நேரம். மிச்சம் 15 நிமிடம்தான். அந்த 15 நிமிடத்துக்காக வழியில் கூடுதலாக ஒருமுறை சார்ஜுக்கு நிற்க நேர்ந்தால் அரை மணி நேரம் போய்விடும்.

என் விதி இது: கையில் இருக்கும் சார்ஜ் அடுத்த சார்ஜருக்கு வசதியாகப் போதும் என்றால் 100. இழுபறி என்றால் கிளம்பும்போதே 80. கடைசி 20 கிலோமீட்டரில் வேகத்தைக் குறைத்து ஈடுகட்டலாம் என்று நினைத்தால், உளுந்தூர்பேட்டையில் எனக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும்.

டயரில் காற்று குறைந்தாலும் ரேஞ்ச் குறையும். பேட்டரி எடையாலும் உடனடி இழுவையாலும் எலெக்ட்ரிக் காரின் டயர் சீக்கிரம் தேயும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, டயர் சூடாகும் முன் காலையில் காற்றைச் செக் செய்யுங்கள்.

4. வீட்டு பிளக் பாயிண்ட்டில் கஞ்சத்தனம் வேண்டாம்

காருக்கு 15 லட்சம் கொடுத்தவர்கள் வயரிங்கில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கிறார்கள். காரோடு வரும் போர்ட்டபிள் சார்ஜர் 3.3 கிலோவாட் அளவுக்கு இழுக்கும். அதுவும் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் இல்லை, ராத்திரி முழுக்க. இஸ்திரிப் பெட்டிக்கும் கீஸருக்கும் போட்ட பழைய பாயிண்ட் இதைத் தாங்காது.

எலெக்ட்ரீஷியனிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: மீட்டர் போர்டிலிருந்து தனி லைன், தனி எம்.சி.பி., லீக்கேஜைக் கண்டுபிடித்து டிரிப் ஆகும் ஆர்.சி.சி.பி., தரமான தொழில்துறை சாக்கெட், சரியான எர்த். "எதுக்கு சார் இதெல்லாம், இந்த பாயிண்ட்லயே போட்டுக்கலாம்" என்று சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். எர்த் சரியில்லை என்றால் பெரும்பாலான சார்ஜர்கள் ஃபால்ட் காட்டி நின்றுவிடும். அது உங்களைக் காப்பாற்றும் வேலை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

முதல் நாள் ஒரு சோதனை செய்யுங்கள். சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்து, பிளக்கின் மேல்பக்கத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கையை வைக்க முடியாமல் சுட்டால், சாக்கெட்டின் துளை ஓரம் பழுப்பேறியிருந்தால், பிளாஸ்டிக் வாசனை வந்தால், அந்த நிமிடமே நிறுத்துங்கள். சாக்கெட்டுக்குள் பிடிமானம் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

ராத்திரி பத்து மணி நேரம் 3.3 கிலோவாட்டில் போட்டால் சேதாரம் போக 30 யூனிட் அளவுக்கு ஏறும். டவுன் ஓட்டத்துக்கு 200 கிலோமீட்டர். தினமும் ஆபீஸ் போய் வருகிறவருக்கு இதுவே தாராளம். 7.2 கிலோவாட் வால் பாக்ஸ் வேண்டும் என்றால், வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட லோடு போதுமா என்று முதலில் பாருங்கள்.

5. பேட்டரியின் ஜாதகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தியாவில் ஓடும் எலெக்ட்ரிக் கார்களில் பரவலாக இரண்டு வகை பேட்டரிகள். ஒன்று எல்.எஃப்.பி., இன்னொன்று என்.எம்.சி. உங்கள் காரில் எது என்பதை ஓனர்ஸ் மேனுவலில் பாருங்கள். எல்.எஃப்.பி. பேட்டரியில் வோல்டேஜ் பெரிதாக ஏறி இறங்காது. அதனால் எவ்வளவு சார்ஜ் மிச்சமிருக்கிறது என்று கணிப்பது காருக்கே கஷ்டம். அவ்வப்போது 100 சதவீதம் ஏற்றினால்தான் கணக்கு நேராகும். வாரம் ஒருமுறை ஏற்றுவது பொதுவான ஆலோசனை. என்.எம்.சி. என்றால் தினசரி 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள், நீண்ட பயணத்தின் முந்தைய இரவு மட்டும் 100.

இரண்டுக்கும் பொதுவானது: 100 சதவீதத்திலோ 10க்குக் கீழேயோ காரை நாள்கணக்கில் சும்மா நிறுத்தாதீர்கள். ஒரு வாரம் வெளியூர் போகிறீர்களா? ஏர்போர்ட் பார்க்கிங்கில் 50, 60 சதவீதத்தோடு விட்டுப் போங்கள். பல கம்பெனிகள் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகின்றன. அந்த ஷரத்துகளை ஒருமுறை உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள். காரை விற்கும்போது உங்கள் விலையை முடிவு செய்யப்போவது அதுதான்.

6. ஹைவே சார்ஜிங்: பிளான் பி இல்லாமல் கிளம்பாதீர்கள்

முதல் விதி, 20 சதவீதத்துக்குக் கீழே போகும் முன் சார்ஜரில் இருங்கள். முதல் சார்ஜர் வேலை செய்யாவிட்டால் அடுத்ததற்குப் போக அந்த 20தான் கைகொடுக்கும்.

இரண்டாவது, முந்தைய நாளே ஆப்பில் பாருங்கள். சார்ஜர் இருக்கிறதா என்பது மட்டும் போதாது. கடைசியாக யாராவது எப்போது சார்ஜ் போட்டிருக்கிறார்கள், எத்தனை கன் (காரில் செருகும் சார்ஜிங் முனை) இருக்கிறது, இரண்டையும் பாருங்கள். ஒரே கன் உள்ள இடத்தைவிட நான்கு கன் உள்ள இடம் 10 கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் மேல். ஸீயான், டாடா பவர், ஸ்டாட்டிக் என்று உங்கள் ரூட்டில் எந்த நெட்வொர்க் இருக்கிறதோ, அதன் ஆப்பை வீட்டிலேயே போட்டு, வாலெட்டில் பணம் ஏற்றிவையுங்கள். சிக்னல் கிடைக்காத இடத்தில் நின்று ஓ.டி.பி.க்குக் காத்திருப்பது கொடுமை.

மூன்றாவது, 80 வந்ததும் கிளம்புங்கள். டி.சி. ஃபாஸ்ட் சார்ஜரில் 80க்கு மேல் வேகம் சரசரவெனக் குறையும். கடைசி 20 சதவீதத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் அடுத்த ஊரைத் தொட்டுவிடலாம். பின்னால் காத்திருப்பவருக்கும் அது மரியாதை. காரை விட்டுச் சாப்பிடப் போனால், போன் நம்பரை டேஷ்போர்டில் எழுதிவைத்துப் போங்கள்.

நான்காவது, கன்னைப் பிடுங்காதீர்கள். முதலில் ஆப்பில் நிறுத்துங்கள், அடுத்து காரை அன்லாக் செய்யுங்கள், பிறகு கன்னை எடுங்கள். இழுத்து மல்லுக்கட்டினால் லாக் கெட்டுப்போகும்.

சார்ஜ் ஏறும் 40 நிமிடம் உங்கள் சொத்து. போட்டியாளர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நீங்கள் மெயிலுக்குப் பதில் போடலாம், மீட்டிங் நோட்ஸை ஒருமுறை புரட்டலாம், இரண்டு ஃபாலோ-அப் கால் பேசலாம். நான் ஃபாலோ-அப் கால்களைச் சார்ஜிங் நேரத்துக்கென்றே ஒதுக்கிவைக்கிறேன்.

7. மலை ஏறும் முன் கணக்கு, இறங்கும் முன் இன்னொரு கணக்கு

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம். ஆட்களோடு சேர்த்து 1,700 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டுமே 9 யூனிட் போல வேண்டும். அதோடு 50 கிலோமீட்டர் ஓடும் செலவும் சேரும். 40 யூனிட் பேட்டரியில் 40 சதவீதமாவது கரையும். கோயம்புத்தூரிலேயே நன்றாக ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள்.

இறங்கும்போது அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். ஆனால் புது ஓனர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். ஊட்டி ஹோட்டலில் ராத்திரி 100 சதவீதம் ஏற்றிவிட்டுக் காலையில் இறங்குகிறார்கள். நிரம்பிய பேட்டரிக்குள் மின்சாரம் போக இடமில்லை. ரீஜென் வேலை செய்யாது. முழு இறக்கத்தையும் பிரேக் தாங்க வேண்டும். சூடேறிய பிரேக் எவ்வளவு ஆபத்து என்பது மலைப்பாதையில் ஓட்டியவருக்குத் தெரியும். 70, 80 சதவீதத்தோடு இறங்குங்கள். ரீஜெனை அதிக லெவலில் வையுங்கள். நியூட்ரலில் ஒருபோதும் போடாதீர்கள்.

8. வெயிலுக்கும் மழைக்கும் தனித்தனி ஒழுங்கு

மே மாதத்தில் வெட்டவெளியில் நின்ற காருக்குள் ஏறி ஏ.சி.யை முழுசாக வைத்தால் பேட்டரி அடிவாங்கும். உங்கள் காரின் ஆப்பில் வசதி இருந்தால், சார்ஜில் செருகியிருக்கும்போதே கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்பு ஏ.சி.யை ஓடவிடுங்கள். குளிரூட்டும் செலவு பேட்டரியிலிருந்து போகாமல் வீட்டு மின்சாரத்திலிருந்து போகும். நீங்களும் வியர்வையில்லாத சட்டையோடு ஆபீஸில் நுழைவீர்கள். ஹைவேயில் வெயிலில் ஓட்டிவந்த உடனே சார்ஜ் போட்டால் வேகம் குறைவாக இருக்கலாம். சூட்டைத் தணிக்கக் கார் தானே குறைத்துக்கொள்வதுதான் காரணம்.

மழைக்குப் பயப்பட வேண்டாம், வெள்ளத்துக்குப் பயப்படுங்கள். பல கார்களின் பேட்டரி பேக் ஐ.பி. 67 தரத்தில் இருக்கிறது. ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அந்தச் சோதனையின் அளவு. சாலைவெள்ளத்தில் காரை இறக்குவதற்கு அது அனுமதிச்சீட்டு ஆகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கின என்று பார்த்தோம். பேஸ்மென்ட்டில் தண்ணீர் ஏறும் என்று தெரிந்தால் முதல் நாளே மேட்டுக்கு ஏற்றுங்கள். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம், சார்ஜ் போடவும் வேண்டாம். சர்வீஸ் சென்டருக்குச் சொல்லி, நான்கு சக்கரமும் தரையில் படாத ஃப்ளாட்பெட் வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.

9. சத்தமில்லாத வண்டி, கூடுதல் பொறுப்பு

நம் தெருக்களில் மக்கள் காதால்தான் வண்டியை உணர்கிறார்கள். உங்கள் கார் மெதுவாக வரும்போது கோலம் போடுகிற அம்மாவுக்கும் பந்து பொறுக்க ஓடுகிற பையனுக்கும் அது கேட்காது. தெருவுக்குள் 20 வேகம். ரிவர்ஸ் எடுக்கும் முன் இறங்கி ஒருமுறை பின்னால் பாருங்கள்.

கார் ஆனில் இருக்கிறதா என்பது உங்களுக்கும் கேட்காது. டேஷ்போர்டில் ரெடி என்ற அடையாளம் எரிந்தால் வண்டி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். இறங்கும் முன் பி பட்டன், ஹேண்ட் பிரேக், பவர் ஆஃப் என்ற மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

எலெக்ட்ரிக் காரிலும் 12 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கிறது. அது இறந்துபோனால், பெரிய பேட்டரியில் 80 சதவீதம் இருந்தாலும் கார் கிளம்பாது. சர்வீஸின்போது அதையும் செக் செய்யச் சொல்லுங்கள்.

10. காசு கணக்கை நீங்களே போடுங்கள்

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்றால் 143 யூனிட். சார்ஜிங் சேதாரம் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 320 யூனிட் போல வரும். தமிழ்நாட்டில் வீட்டு ஈ.பி. பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாப் கணக்கே மாறும். ஏற்கெனவே 300 யூனிட் ஓடும் வீடு, காருக்குப் பிறகு அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். பில் ஏன் இரண்டு மடங்குக்கு மேல் எகிறியது என்று பிறகு அதிர்ச்சியடைய வேண்டாம். அப்படியிருந்தும் பெட்ரோலோடு ஒப்பிட்டால் வீட்டுச் சார்ஜிங்தான் மலிவு. ஹைவே டி.சி. சார்ஜரில் கட்டணம் அதிகம். அதோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும். ஆப்பில் காட்டும் விலை வரியோடு சேர்த்தா என்று பாருங்கள்.

கம்பெனியில் பயணப்படி கிலோமீட்டர் கணக்கா, பில் கணக்கா என்று எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். கிலோமீட்டர் கணக்கு என்றால் மிச்சம் உங்களுக்கு. பில் கணக்கு என்றால் ஒவ்வொரு சார்ஜிங் இன்வாய்ஸையும் அன்றே சேமியுங்கள். கார் லோன் வட்டிக்கு 80 ஈஈபி பிரிவில் வரிச்சலுகை உண்டு என்று யாராவது சொன்னால், 2023 மார்ச் 31க்குள் அனுமதியான கடனுக்குத்தான் அது என்று தெரிந்துவைத்திருங்கள்.

ஆபீஸில் சார்ஜிங் வேண்டுமா? தனியாகக் கேட்காதீர்கள். எலெக்ட்ரிக் கார் வைத்திருக்கும் நான்கைந்து பேரைச் சேருங்கள். எத்தனை பாயிண்ட், எவ்வளவு லோடு, யூனிட்டுக்கு நாங்கள் எவ்வளவு தரத் தயார் என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதி அட்மினுக்கு அனுப்புங்கள். பிரச்சினையைத் தீர்வோடு கொண்டுபோகிற ஆளை நிர்வாகம் கவனிக்கும். அபார்ட்மென்ட் அசோசியேஷனிலும் இதே வழிதான்.

முதல் 30 நாள் திட்டம்

முதல் வாரம்: டவுனுக்குள் மட்டும் ஓட்டுங்கள்; ரீஜெனுக்குக் காலைப் பழக்குங்கள். இரண்டாவது வாரம்: முதல் நாளிலிருந்து எழுதிவந்த சதவீதக் கணக்கை வைத்து உங்கள் நம்பரைக் கண்டுபிடியுங்கள். மூன்றாவது வாரம்: அவசரமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து ஊர் ஃபாஸ்ட் சார்ஜருக்குப் போய்ச் சும்மாவாவது 15 நிமிடம் சார்ஜ் போட்டுப் பாருங்கள். முதல் தடவை தடுமாறுவது அங்கே நடக்கட்டும், மீட்டிங்குக்குப் போகும் வழியில் வேண்டாம். நான்காவது வாரம்: பிளான் பி.யோடு ஒரு 200 கிலோமீட்டர் பயணம்.

அதே திருச்சி ரூட்டில் இன்றும் மாதம் ஒருமுறை போகிறேன். விக்கிரவாண்டி பக்கத்தில் 30 சதவீதத்தோடு நிறுத்துகிறேன். டிபன் முடிவதற்குள் 80 வந்துவிடுகிறது. மிச்சத் தூரத்துக்கு அது பத்தாது என்று தெரியும். பெரம்பலூருக்கு முன் இருபது நிமிடம் இன்னொருமுறை நிற்கிறேன். டீலர் கடைக்குள் நுழையும்போது மணி 11.45. கார் அதுவேதான், ரோடும் அதுவேதான். நான் ஓட்டும் விதம்தான் மாறியிருக்கிறது. இன்று ராத்திரி சார்ஜ் போடும் முன், சதவீதத்தைக் குறித்துவையுங்கள். உங்கள் கணக்கு அங்கே தொடங்கட்டும்.